யூசுப் காஸ் ஹாஜிப் உய்குர் கவிஞரா? அவரை மெய்யியலாளர் என்பது சரியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. யூசுப் காஸ் ஹாஜிப்பை ஓரிடத்தில் "இடைக்கால உய்குர் கவிஞர், மெய்யியலாளர்" என்று படித்திருக்கிறீர்கள். இன்னோரிடத்தில் கிர்கிஸ்தானின் 1000 சோம் பணத்தாளில் அவர் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். துருக்கியரோ அவரைத் தங்கள் இலக்கியத்தின் முன்னோடி என்கிறார்கள். இதில் எது சரி, அவருடைய நீண்ட கவிதை நூலான "குதத்கு பிலிக்" வெறும் அறிவுரைத் தொகுப்பா அல்லது அதில் தத்துவம் என்று சொல்லத்தக்கது ஏதும் உண்டா என்று கேட்கிறீர்கள். அவர் யாருக்குச் சொந்தம் என்பது ஒரு கேள்வி, அவர் என்ன யோசித்தார் என்பது வேறொரு கேள்வி. முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். இரண்டாவதுதான் முக்கியம் என்பது மத்திய ஆசிய வரலாற்றைப் படித்தும் கற்பித்தும் வந்த எனக்கு உறுதியான கருத்து. ஆனாலும் முதல் கேள்வியைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போக முடியாது.

அவரைப் பற்றித் திட்டவட்டமாகச் சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம். ஏறக்குறைய எல்லாமே அவர் நூலிலிருந்தும், அதன் முன்னால் பிறர் சேர்த்த முன்னுரைகளிலிருந்தும் வருபவை. ஊர் பாலாசாகூன். இன்றைய கிர்கிஸ்தானில் சூய் பள்ளத்தாக்கில் தொக்மோக் நகருக்குப் பக்கத்தில் புரானா என்ற இடத்தில் சுமார் 25 மீட்டர் உயரத்தில் ஒரு பழைய செங்கல் கோபுரம் நிற்கிறது. அதைச் சுற்றியிருந்த நகரம்தான் பாலாசாகூன் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். நூல் முடிந்த இடம், இன்று சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் இருக்கும் காஷ்கர். ஆண்டை அவரே கவிதையில் சொல்லிவிடுகிறார்: ஹிஜ்ரி 462. அதாவது 1069 அக்டோபர் முதல் 1070 அக்டோபர் வரையிலான காலம். எழுதி முடிக்கப் பதினெட்டு மாதம் ஆனது என்றும் சொல்கிறார். காஷ்கரை ஆண்ட தவ்காச் புக்ரா கான் ஹசன் இப்னு சுலைமானுக்கு நூலைச் சமர்ப்பித்தார். கான் மகிழ்ந்து "காஸ் ஹாஜிப்" என்ற பதவியைக் கொடுத்தார். அரசரைக் காண வருவோரை நெறிப்படுத்தி, குடிமக்களின் குறையை அவர் காதுக்குக் கொண்டுபோகும் அந்தரங்க அலுவலர் பதவி அது. ஆக, நாம் அவரை அழைக்கும் பெயரில் பாதி, இந்த நூலால் கிடைத்த பதவிப் பெயர்.

பிறந்த ஆண்டு 1018, 1019, 1020 என்று பலவாறு போடுவார்கள். இவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து கணக்கிட்டவை. நூலின் தொடக்கத்தில், ஐம்பது வயது என்மேல் கை வைத்துவிட்டது, காக்கை நிறத் தலையை அன்ன நிறமாக்கிவிட்டது, இப்போது அறுபது "என்னிடம் வா" என்று கூப்பிடுகிறது என்று அவர் எழுதுகிறார். 1069இல் ஐம்பதைத் தாண்டியவர் என்று மட்டுமே அதிலிருந்து பெற முடியும். இறந்த ஆண்டாக 1077 என்று இணையத்தில் சுற்றுவதற்கு நூலில் ஆதாரம் இருக்க வழியில்லை, நூல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆண்டுகளை "ஏறத்தாழ" என்ற சொல்லோடு மட்டும் எடுத்தாளுங்கள்.

இனி "உய்குர்" என்ற அடைமொழி. யூசுப் வாழ்ந்த அரசைப் பின்னாள் ஆய்வாளர்கள் கரகானிய அரசு என்று அழைக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவிய துருக்கிய அரசமரபு அது. 999இல் புகாராவைப் பிடித்து, சாமானித் என்ற பாரசீக அரசமரபின் ஆட்சிக்கு முடிவு கட்டியது. அதே காலத்தில் கிழக்கே துர்பான் பக்கம் உய்குர் என்ற பெயரிலேயே ஓர் அரசு இருந்தது. அங்கே பௌத்தமும், மானி என்பவர் தோற்றுவித்த சமயமும் வழங்கின. இரண்டு அரசுகளும் பகையாளிகள். யூசுபின் சமகாலத்தவரான மஹ்மூத் காஷ்கரி 1070களில் பாக்தாதில் தொகுத்த துருக்கிய மொழி அகராதியில் "உய்குர்" என்றால் எல்லைக்கு அப்பாலுள்ள பிற சமயத்தார். அவர்களுடைய கோயில்களை உடைத்ததைப் பாடும் போர்ப் பாட்டையும் அந்த அகராதி பதிவு செய்திருக்கிறது. ஆகவே பதினோராம் நூற்றாண்டில் யூசுபைப் பார்த்து "நீர் உய்குரா" என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

இதை வைத்து "உய்குர் என்பது தவறு" என்று முடித்துவிடுவதும் நியாயமில்லை. இன்றைய உய்குர் மக்களின் இனப்பெயராக அந்தச் சொல் ஏற்கப்பட்டது 1921இல் தாஷ்கந்தில் நடந்த மாநாட்டில். ஷின்ஜியாங்கில் அது அதிகாரபூர்வப் பெயரானது 1930களில். பெயர் புதிது, மக்கள் புதியவர்கள் அல்லர். காஷ்கரின் மண், அதன் இஸ்லாமியத் துருக்கியப் பண்பாடு, கரகானிய அரசின் துருக்கிய மொழியான கரகானியத் துருக்கியில் தொடங்கும் எழுத்து மரபு ஆகியவற்றின் நேர் வாரிசுகளில் அவர்களும் அடக்கம். அதே மொழி வழியில் உஸ்பெக்குகளும் வருகிறார்கள். பிறந்த ஊர் கிர்கிஸ்தானில் இருப்பதால் பிஷ்கெக்கிலுள்ள தேசியப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்குகிறது. துருக்கி மொழி அதே குடும்பத்தின் வேறு கிளை, ஓகூஸ் கிளை. அதனால் துருக்கி நாட்டில் படித்த ஒருவருக்கு இந்த நூல் மொழிபெயர்ப்பு இல்லாமல் விளங்காது. "கரகானியத் துருக்கியில் எழுதிய கவிஞர், உய்குர் உள்ளிட்ட பல மக்களின் பொது முன்னோர்" என்று சொன்னால் யாருடைய உரிமையும் பறிபோகாது, வரலாறும் பிசகாது.

ஐரோப்பியர் அவரை "உய்குர்" என்று முதலில் எழுதியதற்கு வேறொரு காரணம் இருந்தது. அது சுவடிகளின் கதை. குதத்கு பிலிக்குக்கு இன்று மூன்றே சுவடிகள். முதலில் வெளிச்சத்துக்கு வந்தது 1439இல் ஹெராத்தில் உய்குர் எழுத்தில் படியெடுக்கப்பட்டது. அது அனதோலியாவின் தொகாத் வழியாக 1474இல் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தது. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியக் கீழையியலாளர் ஹாம்மர்-புர்க்ஷ்டால் அதை வாங்கினார். அப்படித்தான் அது இப்போது வியன்னா நூலகத்தில் இருக்கிறது. 1870இல் ஹங்கேரிய அறிஞர் வாம்பெரி அதன் ஒரு பகுதியைப் பதிப்பித்தபோது தலைப்பிலேயே உய்குர் என்று போட்டார். எழுத்தின் பெயர் மொழிக்கு வந்தது, மொழியின் பெயர் ஆளுக்கு வந்தது. இரண்டாவது சுவடி 1896இல் கெய்ரோவில் கிடைத்தது. மூன்றாவதை 1913இல் ஃபெர்கானா பள்ளத்தாக்கின் நமங்கானில் வரலாற்றாசிரியர் ஸெகி வெலிதி தோகான் கண்டார். பிறகு போரிலும் புரட்சியிலும் அது எங்கே போனது என்று தெரியாமல் இருந்து, 1920களில் உஸ்பெக் எழுத்தாளர் ஃபித்ரத்தின் முயற்சியால் மீண்டும் கிடைத்தது. இப்போது தாஷ்கந்தில் இருக்கிறது. இந்த இரண்டும் அரபு எழுத்தில் உள்ளவை. மூன்றில் நம்பகமானது ஃபெர்கானா சுவடிதான் என்பது பரவலான கருத்து. யூசுப் தம் கையால் எழுதியது எந்த எழுத்தில் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

எழுத்து விவகாரத்தைச் சற்று விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய பதிப்புகளில் ஏன் இவ்வளவு பிழைகள் என்பது அதில்தான் இருக்கிறது. உய்குர் எழுத்தில் ஒரே வடிவம் பல ஒலிகளுக்கு நிற்கும். "பாகு" என்பதில் உள்ள ககரத்தையும் "பாக்கு" என்பதில் உள்ள ககரத்தையும் தமிழர் இடம் பார்த்து ஒலிப்பதுபோல, அந்த எழுத்தையும் மொழி தெரிந்தவர்தான் சரியாக வாசிக்க முடியும். வாம்பெரிக்கு முன்னால் ஒப்பிட வேறு சுவடி இல்லை. நூலின் பெயரையே அவர் சற்று வேறாகப் படித்தார். அவருக்குப் பின் ரஷ்யத் துருக்கியியல் அறிஞர் ராட்லோஃப் 1891 முதல் 1910 வரை உழைத்தும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. மூன்று சுவடிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு துருக்கி அறிஞர் ரெஷித் ரஹ்மதி அரத் 1947இல் வெளியிட்ட மூலபாடம்தான் இன்றைக்கும் அடிப்படை. 6,645 ஈரடிகள் என்ற எண்ணிக்கை அவருடையது. எந்த ஒரு சுவடியிலும் இந்த எண்ணிக்கை முழுமையாக இல்லை, மூன்றையும் சேர்த்துக் கிடைத்தது அது. வாம்பெரி, ராட்லோஃப் காலத்து மேற்கோளை எங்காவது கண்டால் அரத் பதிப்போடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம்.

பாட்டின் கட்டமைப்பு எளிது. பாரசீகக் காவியத்தின் முத்தகாரிப் யாப்பு. குறில், நெடில், நெடில் என்ற சீர் மூன்று முறை வந்து, குறில், நெடில் என்று முடியும்; ஓர் அடிக்கு 11 அசை. அறுபது ஆண்டுகளுக்கு முன் பாரசீகக் கவிஞர் ஃபிர்தௌசி ஷாநாமாவை முடித்த அதே யாப்பு. அரபும் பாரசீகமும் நெடில் நிறைந்த மொழிகள். துருக்கிய மொழியில் அப்படி இல்லாததால், மெய்யில் முடியும் அசையை நெடிலின் இடத்தில் வைத்து யூசுப் சமாளிக்கிறார். இது துணிச்சலான வேலை. துருக்கிய மொழியில் இவ்வளவு நீளமான இஸ்லாமிய இலக்கிய நூல் அதற்கு முன் நமக்குக் கிடைத்ததில்லை. கடவுளுக்கு "பயாத்" போன்ற பழைய துருக்கியச் சொற்களையும், இறைத்தூதருக்கு "யலவாச்" என்ற சொல்லையும் கூச்சமில்லாமல் ஆள்கிறார். கரகானியத் துருக்கிக்குப் பின் மத்திய ஆசியாவின் இலக்கிய மொழியான சகதாயில் எழுதிய கவிஞர்களின் வரிகளில் அரபும் பாரசீகமும் மண்டிக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய ஆறுதல். வசந்த காலத்தைப் பாடும் ஆரம்பப் பகுதியில், வானில் வரிசை பிடித்துப் பறக்கும் கொக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய பெண் ஒட்டகங்களின் வரிசைக்கு ஒப்பிடுகிறார். வணிக வழியிலேயே வாழ்ந்தவருக்குத்தான் அந்த உவமை தோன்றும்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். தலைப்புக்கு "பேறு தரும் அறிவு" என்று பொருள். கதை மாந்தர் நால்வர். அரசன் குன் தொக்தி, அதாவது "எழுந்த சூரியன்", நீதியின் உருவம். அமைச்சன் அய் தொல்தி, "நிறைந்த நிலா", பேற்றின் உருவம். அவன் மகன் ஓக்துல்மிஷ் அறிவின் உருவம். உறவினன் ஒத்குர்மிஷ், "விழித்துக்கொண்டவன்", மலையில் தனித்து வாழும் துறவி. அவனை முடிவு அல்லது போதும் என்ற மனம் என்கிறார் ஆசிரியர். எந்தக் கலைக்களஞ்சியத்திலும் இந்த நான்கு சமன்பாடுகள் கிடைக்கும். அங்கேயே நின்றுவிட்டால் நூல் உயிரற்ற உருவகமாகத் தெரியும். காட்சிகளுக்குள் போக வேண்டும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். வேலை தேடி வந்த அய் தொல்தியை அரசன் தனியாக அழைத்து உட்காரச் சொல்கிறான். அவன் இருக்கையில் அமராமல் ஒரு பந்தை எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் உட்காருகிறான். அரசன் பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிறான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அரசனுக்குக் கோபம் வருகிறது. அப்போது விளக்குகிறான்: நான் பேறு. பந்துபோல உருள்பவன், எனக்கு நிலையான இடம் இல்லை. கண் தெரியாதவன், யார் கையில் பட்டாலும் அவரைப் பற்றிக்கொள்வேன். முகம் திருப்புபவன், என்னை நம்ப வேண்டாம். நிலவின் வீடு கடகம், அது நிலையற்ற ராசி என்று சோதிடத்தையும் துணைக்குச் சேர்க்கிறான். வேறொரு நாள் அரசனின் முறை. முகத்தைக் கடுகடுவென வைத்துக்கொண்டு மூன்று கால் வெள்ளி ஆசனத்தில் அமர்ந்திருக்கிறான். கையில் பெரிய கத்தி. வலப்பக்கம் சர்க்கரை, இடப்பக்கம் கசப்பு மூலிகை. அய் தொல்தி நடுங்குகிறான். அரசன் சொல்கிறான்: மூன்று காலில் நிற்பது ஒரு பக்கம் சாயாது, ஒரு கால் சாய்ந்தால் முழுதும் விழும். கத்திபோல வழக்கை வெட்டி முடிப்பேன், இழுத்தடிக்க மாட்டேன். அநீதிக்கு ஆளாகி என் வாசலுக்கு வந்தவர் சர்க்கரை தின்றவர்போலப் போவார். கசப்பு, கொடுமை செய்தவருக்கு. இந்தக் கடுமுகமும் அவர்களுக்குத்தான். சூரியன் தேய்வதில்லை, நல்லவர் தீயவர் என்று பாராமல் ஒளி தருகிறது, அதன் வீடு சிம்மம், நிலையான ராசி.

இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்ததில் ஒரு வாதம் இருக்கிறது. பழைய துருக்கிய நம்பிக்கையில் ஆட்சிக்கு ஆதாரம் "குத்", வானம் கானுக்கு அருளும் பேறு. யூசுப் அந்தப் பேற்றை ஓர் ஆளாக்கி, அரசனுக்குக் கீழே வேலைக்கு வைத்து, "நான் நிலையில்லாதவன்" என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்து, கொஞ்ச காலத்தில் நோயில் சாகவும் விடுகிறார். மருத்துவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள், எதுவும் பலிக்கவில்லை. அரசு மட்டும் நிற்கிறது, நீதி என்பது இன்னும் ஆசனத்தில் இருப்பதால். பேறு உள்ளவனே ஆள்வான் என்று நம்பிய ஓர் அரசமரபின் முகத்துக்கு நேரே, பேறு போய்விடும், சட்டம்தான் மிஞ்சும் என்று ஓர் அலுவலர் கவிதையில் சொல்கிறார். எனக்கு இது சாதாரண அறிவுரையாகத் தெரியவில்லை.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஈரடிகள் 2057 முதல் 2059 வரை உள்ளவை. நாட்டைக் காக்கப் பெரும் படை வேண்டும், படைக்குப் பொருள் வேண்டும், பொருளுக்குக் குடிகள் வளமாக இருக்க வேண்டும், குடிகள் வளம்பெற நேர்மையான சட்டம் வேண்டும். ஒன்றை விட்டால் நான்கும் போகும், நான்கும் போனால் ஆட்சி குலையும். "நீதி வட்டம்" என்று பெயர் பெற்ற இந்தக் கருத்து பாரசீக, அரபு நூல்களில் முன்பே உண்டு; யூசுபின் கண்டுபிடிப்பு அல்ல. அதைத் துருக்கிய மொழியில், நடப்பு நிர்வாக விவரத்தோடு சேர்த்துச் சொன்னதுதான் அவருடையது. அந்த விவரங்கள் நிறைய. படைத்தலைவனுக்குச் சிங்கத்தின் நெஞ்சு, ஓநாயின் வலு, நரியின் தந்திரம், காக்கையின் தொலைநோக்கு, ஆந்தையின் உறக்கமின்மை வேண்டும். தூதனாகப் போகிறவன் பல மொழியும் எழுத்தும் அறிந்திருக்க வேண்டும். கணிதமும் வானநூலும் கவிதையும் கனவுப் பலனும் தெரிந்திருக்க வேண்டும். சதுரங்கத்திலும் நர்து என்ற பகடை ஆட்டத்திலும் எதிராளியைத் தோற்கடிக்க வேண்டும், மதுவைத் தொடவே கூடாது. போதையில் இருக்கும் தூதன் வாயைக் காக்க மாட்டான் என்பது காரணம். அரசனுக்குச் சமைக்கும் தலைமைச் சமையல்காரனுக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது. நஞ்சு வரும் வழி அது என்பதால் அவன் நாணயமே முதல் தகுதி.

இணையத்தில் மிகவும் தவறாக எடுத்தாளப்படும் பகுதி இதற்குப் பின்னால் வருகிறது. மருத்துவர், மந்திரவாதி, சோதிடர், கவிஞர், உழவர், வணிகர், கால்நடை மேய்ப்பர், கைவினைஞர் ஆகியோரோடு எப்படிப் பழக வேண்டும் என்று நீண்ட வரிசை ஒன்று உண்டு. மேய்ப்பரைப் பற்றி, நாகரிகம் தெரியாதவர்கள், ஆனால் நேர்மையானவர்கள், நமக்குக் குமிஸ் என்ற புளித்த குதிரைப்பாலும் பாலும் தயிரும் கம்பளியும் அவர்களிடமிருந்துதான் வருகின்றன என்கிறது. மருத்துவர் மந்திரவாதியை ஏற்பதில்லை, மந்திரவாதி மருத்துவரை மதிப்பதில்லை, இருவரும் நமக்கு வேண்டியிருக்கிறார்கள் என்கிறது. இவற்றைப் பலர் "யூசுபின் சமூகக் கோட்பாடு" என்று எடுத்துக்காட்டுகிறார்கள். இதைச் சொல்வது யார், யாரிடம், ஏன் என்று பார்க்க வேண்டும். அரசவைக்கு வர மறுக்கும் துறவி ஒத்குர்மிஷ், "எனக்கு அந்த ஊர்ப் பழக்கவழக்கம் எதுவும் தெரியாது" என்று ஒரு காரணம் சொல்கிறான். அந்தக் காரணத்தை இல்லாமல் ஆக்கவே ஓக்துல்மிஷ் இதையெல்லாம் அவனுக்குக் கற்பிக்கிறான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, துறவி மறுபடியும் வர மறுக்கிறான். அந்த மறுப்பையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த நீண்ட வரிசையின் எடை என்ன என்பது தெரியும்.

யூசுபை மெய்யியலாளர் என்று அழைக்கலாம் என்றால் அது இந்தத் துறவியால்தான். நூலின் ஏறக்குறைய பாதி அவனைச் சுற்றி நடக்கிறது. அரசன் மூன்று முறை அழைக்கிறான். ஓக்துல்மிஷின் வாதம் கூர்மையானது: தனியே மலையில் தொழுவது உனக்கு மட்டும் பயன், பிறருக்கு என்ன பயன்? நோயாளியைப் பார்க்கப் போகிறாயா, ஏழைக்குக் கொடுக்கிறாயா, கூட்டுத் தொழுகைக்காவது வருகிறாயா? மனிதரோடு இருந்து நன்மை செய்வதே வழிபாடு. துறவியின் பதிலும் சளைத்ததல்ல: இரண்டு எசமானர்களுக்கு ஒரே நேரத்தில் ஊழியம் செய்ய முடியாது, அரசனுக்கு உழைக்கும் நாளில் இறைவனுக்கு நேரம் எங்கே? உலகம் முதுகு காட்டும் நேரம் வரும், அப்போது கையில் என்ன இருக்கும்? மூன்றாவது முறை, வேலைக்காக அல்ல, பார்த்துப் பேச மட்டும் வா என்று அரசன் கேட்க, துறவி வருகிறான். அங்கே சலாம் பற்றி ஓர் உரையாடல். பெரியவர்தான் முதலில் சலாம் சொல்ல வேண்டும் என்கிறான் துறவி. சலாம் என்றால் "என்னால் உனக்குத் தீங்கில்லை" என்ற உறுதி. தீங்கு செய்யும் வலிமை அரசனிடம் இருக்கிறது, ஆகவே உறுதியும் அங்கிருந்தே வர வேண்டும். அதிகாரத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர்கள் குறைவு.

பிறகு ஓக்துல்மிஷே மனம் மாறி, நானும் துறந்து மலைக்கு வந்துவிடுகிறேன் என்கிறான். அவனைத் தடுப்பது யார் தெரியுமா? துறவிதான். நீ போனால் குடிகளுக்கு நடக்கும் நன்மை நின்றுபோகும், உன் இடம் அங்கேதான் என்று திருப்பி அனுப்புகிறான். தான் எதிர்த்து வாதிட்ட கொள்கையை இன்னொருவன் விஷயத்தில் அவனே ஏற்றுக்கொள்கிறான். கடைசியில் துறவி ஓர் ஊன்றுகோலையும் ஒரு கிண்ணத்தையும் விட்டுவிட்டு இறக்கிறான். வாதத்தில் யாரும் வெல்லவில்லை, ஆசிரியர் தீர்ப்பும் எழுதவில்லை. இஸ்லாமிய உலகின் தத்துவ அறிஞர்களான ஃபாராபியைப் போலவோ இப்னு சீனாவைப் போலவோ முறைப்படுத்திய தத்துவ அமைப்பு யூசுபிடம் கிடையாது. அந்தப் பொருளில் மெய்யியலாளர் என்றால் மிகைதான். நியாயமான இரண்டு வாழ்க்கைகள் ஒன்றோடொன்று மோதும்போது இரண்டின் பக்கத்தையும் முழு வலுவோடு பேச வைத்த சிந்தனையாளர் என்றால் மிகையே இல்லை.

அவர் யாரிடம் கற்றார் என்பதில் கவனம் தேவை. 1901இல் ஒரு ஜெர்மானிய ஆய்வாளர் யூசுபை இப்னு சீனாவின் மாணவர் என்று எழுதினார். இப்னு சீனா 1037இல் இறந்தவர், அவர் வாழ்ந்ததோ மேற்கே. நேரடி மாணவர் என்பதற்குச் சான்று இல்லை. கிரேக்கச் சிந்தனை அரபு வழியாக அவரை எட்டியிருக்கிறது என்பது மட்டும் உறுதி, யூக்ளிடின் பெயரையே சொல்கிறார். துறவியின் பேச்சில் பௌத்தச் சாயல் உண்டு என்போர் இருக்கிறார்கள். பாலாசாகூன், சோக்தியம் என்ற பழைய ஈரானிய மொழியையும் துருக்கிய மொழியையும் கலந்து பேசிய நகரம், பௌத்தம் அந்தப் பகுதியில் வெகுகாலம் வேரூன்றியிருந்தது. ஆனால் துறவி சொல்லும் எதையும் இஸ்லாமியத் துறவு மரபைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பதால் நான் அந்த முடிவுக்குப் போக மாட்டேன். செல்ஜுக் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் அரசியல் நூலிலிருந்து கடன் வாங்கினார் என்று யாராவது எழுதியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அந்த நூல் இதற்கு இருபது ஆண்டுகள் பிந்தியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்களைப் பற்றிய வரிகள் கொடுமையானவை. மகள் பிறக்காமலிருப்பதே மேல், பிறந்தால் வீட்டுக்குள் பூட்டி வை என்கிற அளவுக்குப் போகின்றன. மணமகளைத் தேர்வதில் செல்வம், அழகு, குலம், நற்பண்பு என்ற நான்கில் நற்பண்பை முதலில் வை என்ற நல்ல வரிகளும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. மேடைப் பேச்சுகளில் பின்னதை மட்டும் எடுத்துச் சொல்வார்கள். இரண்டும் அவர் எழுதியவைதான்.

நூலின் பிற்கால வாழ்வு விசித்திரமானது. முன்னுரை ஒன்று, சீனர் இதை ஒரு பெயரிலும் ஈரானியர் "துருக்கிய ஷாநாமா" என்றும் அழைத்ததாகப் பெருமை பேசுகிறது. அது பின்னாள் கையால் சேர்க்கப்பட்டது, விளம்பரமாகவே கொள்ள வேண்டும். அதைவிட நம்பத்தக்க சாட்சி ஒரு மட்பாண்டம். காஷ்கரிலிருந்து மிகத் தொலைவில், யூரல் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள சரைச்சிக் என்ற பழைய நகரில் கிடைத்த ஜாடியில் இந்த நூலின் வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. பாத்திரத்தில் எழுதும் அளவுக்கு அது மக்களிடம் போயிருக்கிறது. காஷ்கரில் இன்று காணும் கல்லறை மாடம் அவர் காலத்துக் கட்டடம் அல்ல. சீனப் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அழிக்கப்பட்டு 1980களில் மீண்டும் எழுப்பப்பட்டது. அதே பத்தாண்டில்தான், 1984இல், நவீன உய்குர் மொழியில் முழு மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. ஆகவே அங்கே போகிறவர்கள் நீல ஓடுகளைப் பார்த்துப் பதினோராம் நூற்றாண்டுக் கலை என்று எழுதிவிடக் கூடாது.

வாசிக்க விரும்பினால், ஆங்கிலத்தில் ராபர்ட் டான்காஃப் 1983இல் செய்த மொழிபெயர்ப்பும், துருக்கி மொழி தெரிந்தால் அரத்தின் 1959 உரைநடை மொழிபெயர்ப்பும் தாராளமாகப் போதும். கரகானியத் துருக்கியை நேரடியாகப் படிக்க அகராதியும் சொல்லடைவும் இல்லாமல் யாராலும் முடியாது, நானும் அப்படித்தான் படிக்கிறேன். முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். இறைவணக்கம், நபித்தோழர் புகழ்ச்சி, கானின் புகழ்ச்சி, அறிவின் சிறப்பு என்று போகும் தொடக்கத்தில் பலரும் சலித்து நிறுத்திவிடுகிறார்கள். ஏறத்தாழ 400ஆம் ஈரடியில் கதை தொடங்குகிறது. அங்கிருந்து அய் தொல்தியின் மரணம் வரை படியுங்கள். பிறகு நேராகத் துறவிக்கு அரசன் எழுதும் முதல் கடிதத்துக்கு, சுமார் 3,190க்குத் தாவி இறுதிவரை போங்கள். பதவிகளைப் பற்றிய நடுப்பகுதியை அதன் பின் படித்தால் யார் எதற்காகச் சொல்கிறார்கள் என்பது தெளிவாக இருக்கும். 6,520உடன் கதை முடிகிறது. மிச்சமுள்ள 125 ஈரடிகள் மூன்று தனிப்பாடல்கள்: போன இளமைக்கு வருந்துவது, கெட்டுப்போன காலத்தையும் நண்பர்களையும் நோவது, தன்னைத் தானே இடித்துரைப்பது. ஆசிரியரின் சொந்தக் குரல் ஒளிவுமறைவில்லாமல் கேட்பது அங்கேதான். எங்காவது அவர் பெயரில் ஓர் அழகான பொன்மொழி கண்ணில் பட்டு அதற்கு ஈரடி எண் கொடுக்கப்படவில்லை என்றால், எண் கிடைக்கும்வரை அதைப் பகிராமல் இருங்கள். எண் கிடைத்த பிறகு, அதைச் சொல்வது அரசனா, அமைச்சனா, துறவியா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.